செத்ததை எண்ண இயந்திரம் இல்லை

சிடி4 எண்ண வேண்டிய ரத்தத்தைக் குளிர்பெட்டியில் வைக்கக் கூடாது. ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லிக் கொடுத்தது இதைத்தான். ரத்தக் குழாயைக் கண்டதும் கை தானாக ஃபிரிட்ஜ் கதவைத் தேடிப் போகும். வேறு சோதனைகளில் பழகிய கை. இங்கே எண்ணப்போவது எச்.ஐ.வி. அழிக்கிற சிடி4 என்ற நோய் எதிர்ப்பு அணுக்களை, அவை கெடாமல் முழுசாக இருக்க வேண்டும். ஊதா மூடிக் குழாயில் எடுத்து, அறை வெப்பத்திலேயே வைத்து, 48 மணி நேரத்துக்குள் வேலையைத் தொடங்கிவிட வேண்டும். அதற்குப் பிறகு வருகிற எண்ணை நான் நம்புவதில்லை.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் கதை ஒரு ஃபிரிட்ஜிலிருந்துதான் ஆரம்பித்தது என்பது வேடிக்கை. 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் டாக்டர் சுனிதி சாலமனின் மாணவி நிர்மலா, காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பாலியல் தொழிலாளிகளிடம் ரத்தம் சேகரித்தார். அதைத் தன் வீட்டு ஃபிரிட்ஜில் வைத்திருந்து, ஐஸ் பெட்டியில் அடுக்கி, இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோய் வேலூர் சி.எம்.சி.யில் சோதித்தார். நாட்டில் எச்.ஐ.வி. இருப்பது அப்படித்தான் தெரியவந்தது. அவர் தேடியது ரத்தத் தெளிநீரில் மிதக்கிற எதிர்ப்புப் புரதத்தை. அது குளிரைத் தாங்கும். தொற்று இருக்கிறதா என்று கேட்டால் அது போதும். உடம்பில் இன்னும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டால்தான் எங்கள் மேசைக்கு வர வேண்டும்.

என் ஊர் அமரவிளை. நெய்யாற்றின்கரைக்கும் பாறசாலைக்கும் நடுவில், நெய்யாற்றை ஒட்டி இருக்கிறது. 1956இல் மொழி பார்த்து எல்லை கிழித்தபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்குப் போயிற்று, நாங்கள் கேரளத்தில் நின்றுபோனோம். வீட்டில் தமிழ், பள்ளியிலும் ஆபீசிலும் மலையாளம். வேலை திருவனந்தபுரத்தில், ஓர் அரசு ஆய்வகத்தில். அமரவிளை ஹால்ட்டில் நாகர்கோவில் பாசஞ்சரைப் பிடித்து ஏறினால் போதும், பெட்டிக்குள் பாதிப் பேர் தெரிந்த முகம். இந்த வேலையில் அது ஒரு சங்கடம். காலையில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து தேங்காய் விலை பேசியவரின் குழாய் மத்தியானம் என் தட்டில் வந்து நிற்கும். குழாயில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனாலும் காத்திருக்கிறவர்களின் வரிசையில் ஆளைப் பார்த்துவிட்டேனே. சாயங்கால ரயிலில் அவர் வேறு பெட்டியில் ஏறுவார். நானும் பார்க்காததுபோல இருந்துகொள்வேன்.

நாங்கள் வைத்திருந்தது ஃபேக்ஸ்கவுண்ட் என்கிற இயந்திரம். இதற்கு வேண்டிய மருந்து போட்ட சிறு குழாய்கள் ஜோடியாக வரும், ஒன்று சிடி4க்கு, மற்றது சிடி8 என்ற இன்னொரு வகை எதிர்ப்பு அணுவுக்கு. நோயாளியின் ரத்தத்தில் 50 மைக்ரோலிட்டர் எடுத்து ஒவ்வொன்றிலும் விட வேண்டும். சாயமேற்றிய எதிர்ப்புப் புரதங்கள் அணுக்களில் ஒட்டிக்கொள்வதற்காகக் குறைந்தது ஒரு மணி நேரம், கூடினால் இரண்டு மணி நேரம் இருட்டில் வைக்க வேண்டும். பிறகு அணுக்களை அப்படியே நிறுத்தி வைக்கிற திரவத்தைச் சேர்த்து இயந்திரத்தில் ஏற்றினால், ஒளிக்கற்றை முன்னால் அணுக்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து போகும். எத்தனை என்று முன்பே தெரிந்த நுண்மணிகள் அந்தக் குழாயிலேயே இருக்கின்றன. அவற்றோடு ஒப்பிட்டு இயந்திரம் கணக்குப் போடும். கடைசியில் ஒரு சின்னக் காகிதத்தில் எண் அச்சாகி வெளியே வரும்.

முழு வேலையும் பிப்பெட் பிடிக்கிற கையில்தான் இருக்கிறது. 50 மைக்ரோலிட்டர் என்பது கிட்டத்தட்ட ஒரு சொட்டு ரத்தம்தான். நுனியின் வெளிப்பக்கம் ஒட்டிய ரத்தத்தைத் துடைக்காமல் விட்டால் எண் கூடும், ஒரு குமிழி உள்ளே போனால் குறையும். தினமும் காலையில் கட்டுப்பாட்டு மணிகளை ஓட்டி இயந்திரம் ஒழுங்காக எண்ணுகிறதா என்று பார்த்த பிறகுதான் நோயாளியின் குழாயைத் தொடுவோம். புனேயில் அப்போது தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் இருந்த அமைப்பு, நாங்கள் எண்ணுவது சரியா என்று பார்க்க அவ்வப்போது மாதிரி அனுப்பும். அந்த மாதிரி வருகிற நாளில் எல்லாருக்கும் பரீட்சைக் காய்ச்சல்தான்.

இவ்வளவு பார்த்துப் பார்த்து எடுத்தாலும், எண் வெளியே போனதும் ஆட்கள் அதை வாசிக்கிற விதம் வேறு. அவர்கள் வாயில் அது 'கவுண்டு'. "சாரே, போன தடவை 410, இப்பம் 340. எனக்கு கவுண்டு எறங்கிட்டா?" ஆரோக்கியமான ஒருவருக்கே சிடி4 காலையில் ஒரு அளவும் இரவில் அதைவிடக் கூடுதலாகவும் இருக்கும். ஒரு காய்ச்சல் வந்தாலும், ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டாலும் மாறும். 410க்கும் 340க்கும் நடுவில் ஒன்றுமே நடந்திருக்காது. அதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் அடுத்த ஆள் வந்து நின்றுவிடுவார். பலரும் அந்த எண்ணைப் பரீட்சை மார்க்கு மாதிரிதான் வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். கூடினால் மீன் வாங்கிச் சமைப்பார்கள், குறைந்தால் ராத்திரி தூக்கம் கிடையாது.

அந்த எண் எதைச் சொல்கிறது? ஒரு மைக்ரோலிட்டர் ரத்தத்தில் எத்தனை சிடி4 அணு உயிரோடு இருக்கிறது என்பதை மட்டும். செத்ததை எண்ண எங்களிடம் இயந்திரம் இல்லை. அந்தச் சாவு நடக்கிற இடமும் நான் கையில் வைத்திருக்கிற ரத்தம் இல்லை. உடம்பிலுள்ள நிண அணுக்களில் நூற்றில் இரண்டு பங்குதான் எந்த நேரமும் ரத்தத்தில் ஓடுகின்றன. மற்றவை நெறிக்கட்டிகளிலும், மண்ணீரலிலும், டான்சிலிலும், எல்லாவற்றுக்கும் மேலாகக் குடல் சுவரிலும் இருக்கின்றன. தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களிலேயே குடலில் இருக்கிற சிடி4 அணுக்களில் பெரும்பகுதி அழிந்துவிடுகிறது. ஆளுக்கு அப்போது இரண்டு நாள் காய்ச்சலும் தொண்டை வலியும் வந்திருக்கும், கசாயம் குடித்திருப்பார். அதன் பிறகு ரத்தத்தில் எண்ணினால் 600, 700 என்று நன்றாகவே காட்டும். குடல் சுவரில் காவல் குறைந்ததால் அங்கிருக்கிற கிருமிகளின் துணுக்குகள் ரத்தத்துக்குள் கசிந்துகொண்டே இருக்கும். அதைப் பார்த்து நோய் எதிர்ப்பு மண்டலம் ஆண்டுக் கணக்கில் ஓயாமல் கொதிக்கும். சரிவு அந்தக் கொதிப்பில்தான் தொடங்குகிறது, எங்கள் தாளில் பிறகுதான் தெரியும்.

நான் படித்த காலத்தில் சொல்லித் தந்தது எளிய கணக்கு. வைரஸ் சிடி4 என்கிற புரதத்தைப் பிடித்துக்கொண்டு அணுவுக்குள் நுழைகிறது, உள்ளே பெருகுகிறது, அணு செத்துப்போகிறது. இதில் பிழை ஒன்றும் இல்லை, ஆனால் கணக்கு உதைத்தது. எந்த நேரத்தில் பார்த்தாலும் வைரஸைப் பெருக்கிக்கொண்டிருக்கிற அணுக்கள் கொஞ்சம்தான், சாகிறவையோ ஏராளம். 1995இல் டேவிட் ஹோ குழுவும் இன்னொரு குழுவும், வைரஸ் நாளொன்றுக்கு நூறு கோடிக் கணக்கில் பிறந்து அழிகிறது என்று காட்டினார்கள். அதே ஆண்டு நெறிக்கட்டிகளை வெட்டிப் பார்த்த வேறொரு குழு, தற்கொலை செய்துகொள்கிற அணுக்களில் பெரும்பாலானவற்றுக்குள் வைரஸே பெருகவில்லை, பக்கத்தில் இருந்தவைதான் அதிகமாகச் சாகின்றன என்றது. தொற்றாத அணு ஏன் சாக வேண்டும் என்ற கேள்விக்குச் சுமார் இருபது வருடம் சரியான பதில் வரவில்லை.

பதிலில் பெரும்பகுதி சான்ஃபிரான்சிஸ்கோவின் கிளாட்ஸ்டோன் நிறுவனத்தில், வார்னர் கிரீன், கிலாட் டாயிட்ஷ் ஆகியோரின் குழுவிடமிருந்து வந்தது. அவர்கள் பார்த்தது அறுவைச் சிகிச்சையில் அகற்றி எடுத்த டான்சில் சதையை. வைரஸ் எல்லாவிதச் சிடி4 அணுக்களுக்குள்ளும் நுழைகிறது. ஆனால் ஓய்வில் இருக்கிற அணுவுக்குள் தன் மரபுப் பொருளை முழுசாகப் படியெடுக்க முடியாமல் பாதியில் நின்றுவிடுகிறது. அந்த அரைகுறைத் துணுக்கை அணுவின் உள்ளே இருக்கிற ஐஎஃப்ஐ16 என்ற புரதம் மோப்பம் பிடித்துவிடும். உடனே காஸ்பேஸ்-1 என்ற நொதி விழித்துக்கொள்ள, அணு வீங்கி வெடிக்கிறது. பைரோப்டோசிஸ் என்பார்கள். அமைதியாகச் சுருங்கிச் சாகிற அப்பாப்டோசிஸ் போல இல்லாமல், இந்தச் சாவில் அணுவின் உள்ளே இருப்பதெல்லாம் வெளியே கொட்டி அழற்சியைக் கிளப்பும். 2013 கடைசியில் வெளியான அவர்களது கட்டுரைப்படி, டான்சிலில் சாகிற சிடி4 அணுக்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்கும் மேல் இப்படி வெடித்துச் சாகின்றன. திருடன் வீட்டுக்குள் கால் வைத்துவிட்டான் என்று வீட்டுக்காரனே வீட்டைக் கொளுத்த, புகையைப் பார்த்து ஓடிவந்த அயலாரும் அதே நெருப்பில் மாட்டிக்கொள்வது போன்றது இது. வெடித்த அணுவின் அழற்சிச் சமிக்ஞையைக் கேட்டு இன்னும் சிடி4 அணுக்கள் அங்கே வரும், வந்தவற்றுக்கும் அதே கதி.

பிறகு அதே குழு இன்னொன்றும் சொன்னது. ரத்தத்தில் ஓடுகிற சிடி4 அணுக்கள் இந்த வெடிப்புக்கு எளிதில் ஆளாவதில்லை, நெருக்கமாக அணுவோடு அணு உரசிக்கிடக்கிற திசுக்களில்தான் நடக்கிறது என்று. இதைப் படித்தபோது நான் வருடக் கணக்காகப் பார்த்துக்கொண்டிருந்த இயந்திரத்தைப் புதிதாகப் பார்த்தேன். விளைச்சல் எவ்வளவு அழிந்தது என்று தெரியாமல் சந்தைக்கு வந்த மூட்டையை மட்டும் எண்ணுகிற வேலைதான் என்னுடையது என்று என் நண்பர் ஒருவர் கேலி செய்தார். அவர் சொன்னதில் தப்பில்லை.

ஊர்ப் பேச்சுக்கு இந்த அணுக் கதையெல்லாம் தேவைப்படவில்லை. அமரவிளையில் வணிகவரிச் சோதனைச் சாவடி இருந்த காலம் அது. தேசிய நெடுஞ்சாலையில் கோழியும் காய்கறியும் வைக்கோலும் ஏற்றிய லாரிகள் வரிசையாக நிற்கும், ஓட்டுநர்கள் சக்கரத்து நிழலில் துண்டை விரித்துத் தூங்குவார்கள். 'அது லாரிக்காரங்க தீனம்' என்று ஊரே முடிவுகட்டி வைத்திருந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, வரிச் சாவடி போயிற்று, லாரி வரிசையும் போயிற்று. குழாய்கள் வருவது நிற்கவில்லை. என் மேசைக்கு வந்தவர்களில் வீட்டைவிட்டு வெளியே போகாத பெண்கள் இருந்தார்கள், கொத்தனார்கள் இருந்தார்கள், கல்லூரிப் பையன்கள் இருந்தார்கள். வளைகுடாவுக்குப் போக மெடிக்கல் எடுத்து 'அன்ஃபிட்' என்று ஒரே சொல்லில் திருப்பி அனுப்பப்பட்டவர்களும் இருந்தார்கள். இந்தக் கடைசி வகையினரின் நிலைமை எனக்கு எப்போதும் ஆத்திரத்தைக் கிளப்பும். விசா கிடையாது என்று தெரியும், என்ன நோய் என்று யாரும் உட்காரவைத்துச் சொன்னதில்லை. ஒருவர் அந்தத் தாளை மடித்து வைத்துக்கொண்டு வருடங்கள் கழித்து, வாயெல்லாம் வெள்ளை படர்ந்து, சோறு இறங்காமல் வந்தார். கவுண்டு 38.

எல்லையோரத்துக்கு இன்னொரு வழக்கம் உண்டு. பாறசாலைக்காரர்கள் களியக்காவிளை தாண்டி நாகர்கோவில் பக்கம், ஆசாரிப்பள்ளத்துக்குப் போவார்கள். மார்த்தாண்டத்துக்காரர்கள் எங்கள் பக்கம் வருவார்கள். தெரிந்த முகம் இருக்காது என்ற நம்பிக்கைதான். இரண்டு மாநிலத்தின் பதிவேட்டுக்கும் இடையில் இப்படி ஆட்கள் நழுவிப்போனதும் உண்டு. கேரளத்தில் சோதனை மையத்துக்கு 'ஜோதிஸ்' என்றும் சிகிச்சை மையத்துக்கு 'உஷஸ்' என்றும் பெயர் வைத்ததை நான் ஆதரிக்கிறேன். பலகையில் எய்ட்ஸ் என்ற எழுத்து இல்லாவிட்டால் ஒருவர் வாசல்படி ஏறுவார். ஆனால் உள்ளே கொடுக்கிற துண்டறிக்கை மலையாளத்தில். தமிழ் மட்டும் தெரிந்த பாட்டிமாருக்கு அதை நான் வாசித்துச் சொன்னது என் வேலைப் பட்டியலில் இல்லாத வேலை.

எண் வாசற்கதவாக இருந்த காலத்தைச் சொல்லாமல் போக முடியாது. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாக, எச்.ஐ.வி.யை அடக்குகிற ஏ.ஆர்.டி. மாத்திரை கொடுக்கத் தொடங்கியது. தாம்பரம் சானடோரியம் அதைத் தொடங்கிய முதல் மருத்துவமனைகளில் ஒன்று. மருந்தும் பணமும் குறைவு, ஆகவே வேறு நோய்க்குறி இல்லாதவர்களுக்குச் சிடி4 200க்குக் கீழே போனால்தான் மாத்திரை. 212 என்று தாளில் வந்தவரைப் பார்த்து என்ன சொல்வது? "கொஞ்சம் கொறச்சு எழுதித் தாருங்க சாரே, மாத்திரை கிட்டட்டு" என்று ஒரு அக்கா கையைப் பிடித்துக் கேட்டாள். உலகத்தில் தன் எண் குறைய வேண்டும் என்று ஆள் ஆசைப்பட்டதை அங்கேதான் பார்த்தேன். நான் எழுதித் தரவில்லை. அடுத்த தடவை 170. மாத்திரை கிடைத்தது, அதற்குள் காசநோயும் வந்துவிட்டது.

பிறகு வரம்பு 350 ஆயிற்று, 500 ஆயிற்று, 2017இல் வரம்பே வேண்டாம், சோதனையில் தெரிந்ததும் மாத்திரை என்றானது. இந்த ஏற்றம் சும்மா நடக்கவில்லை. எண் நன்றாக இருக்கும்போது மாத்திரையை நிறுத்தி வைத்தால் என்ன என்று பார்த்த ஸ்மார்ட் ஆய்வை 2006இல் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று. நிறுத்தியவர்களிடம் சாவும் இதய நோயும் கூடின. சென்னையும் புனேயும் பங்கேற்ற எச்.பி.டி.என். 052 ஆய்வு, சீக்கிரம் மாத்திரை தொடங்கினால் துணைக்குத் தொற்றுவது 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் காட்டியது. 2015இல் ஸ்டார்ட் ஆய்வு, 500க்கு மேல் இருக்கும்போதே தொடங்குவது நல்லது என்று முடிவுகட்டியது. காரணம் நான் மேலே சொன்ன கொதிப்புத்தான். ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபே என்றொரு குரங்கு உண்டு. அதன் உடம்பில் எச்.ஐ.வி.யின் உறவுக்கார வைரஸ் ஏராளமாக ஓடும், ஆனால் அதற்கு எய்ட்ஸ் வருவதில்லை. அதன் எதிர்ப்பு மண்டலம் நிரந்தரமாகக் கொதிப்பதில்லை. மனிதனுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை, மாத்திரையால்தான் கொதிப்பைத் தணிக்க வேண்டியிருக்கிறது. அதுவும் முழுக்கத் தணிவதில்லை.

மாத்திரை தொடங்கிய பிறகு எண் ஏறுவதைப் பார்ப்பது இந்தத் தொழிலில் கிடைத்த சந்தோஷம். 40இல் வந்தவர் ஆறு மாதத்தில் 150, மறு வருடம் 280. ஆனால் எல்லாருக்கும் அப்படி இல்லை. சிலருக்கு வைரஸ் கண்டுபிடிக்க முடியாத அளவுக்கு அடங்கிவிடும், சிடி4 மட்டும் 200ஐத் தாண்டாமல் நின்றுவிடும். நெடுங்காலம் கொதித்த நெறிக்கட்டிக்குள் தழும்புத் திசு படிந்து, புது அணுக்கள் தங்கி வளர இடமில்லாமல் போவது ஒரு காரணம். வயது ஏறி, இந்த அணுக்கள் முதிர்கிற தைமஸ் சுரப்பி சுருங்கிப்போனதும் ஒரு காரணம். எவ்வளவு தாழ்ந்த பிறகு சிகிச்சைக்கு வந்தார் என்பதைப் பொறுத்துத்தான் எவ்வளவு மேலே போவார் என்பதும். "நான் ஒரு மாத்திரைகூட முடக்கினதில்லையே, எனக்கு மட்டும் ஏன் ஏறல்ல?" என்று கேட்டவருக்கு, தப்பு உங்கள் பேரில் இல்லை அண்ணே, வந்தது லேட் என்பதுதான் என்று சொல்வேன்.

இன்னொரு சிக்கல், எண் ஏறுவதாலேயே வருவது. மிகக் குறைந்த சிடி4 உள்ளவருக்கு உடம்பில் காசநோய்க் கிருமி ஓசையில்லாமல் கிடக்கும், எதிர்க்க ஆளில்லாததால் வீக்கமும் காய்ச்சலும் தெரியாது. மாத்திரை தொடங்கிச் சில வாரத்தில் அணுக்கள் திரும்பி வந்ததும் கழுத்தில் நெறி கட்டும், காய்ச்சல் அடிக்கும். வீட்டார் உடனே, "மருந்து குடிச்சப் பெறவுதான் இதெல்லாம் வந்துது" என்று மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். தாளில் எண் கூடியிருக்கும், ஆள் மெலிந்திருப்பார். இந்த நேரத்தில் மாத்திரையை விடாமல் டாக்டரிடம் ஓடிவர வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்த வீடுகளில் ஆள் பிழைத்தார்.

நான் ஓய்வுபெறும் சமயத்தில் எங்கள் மேசைக்கு வருகிற குழாய்கள் குறைந்துகொண்டிருந்தன. மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, ரத்தத்தில் எவ்வளவு வைரஸ் இருக்கிறது என்று அளக்கிற வைரல் லோடுதான் சரியான சோதனை. அதை நானும் ஒத்துக்கொள்கிறேன். வைரஸ் அடங்கி, சிடி4 நன்றாக ஏறிய ஒருவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை கவுண்டு பார்ப்பது வீண்செலவு. ஆனால் அதைக் காட்டி இயந்திரத்தையே மூடுவது தவறு என்பது என் தீர்மானமான கருத்து. இன்றைக்கும் ஆட்கள் 100க்குக் கீழே இறங்கிய பிறகு முதல்முறை வருகிறார்கள். அவர்களுக்கு வேறு தொற்றுகள் வராமல் தடுக்கிற கோட்ரைமாக்சசோல் மாத்திரை கொடுக்க வேண்டுமா, மூளைக்காய்ச்சல் தருகிற கிரிப்டோகாக்கஸ் பூஞ்சைக்குச் சோதிக்க வேண்டுமா, கண்ணைப் பார்க்க வேண்டுமா என்பதையெல்லாம் வைரல் லோடு சொல்லாது. அந்தச் சின்னத் தாள்தான் சொல்லும். அப்படிப் பிந்தி வருகிறவர்களில் அறுபது தாண்டிய பாட்டாமார் கணிசம். மாதக் கணக்கில் வயிற்றுப்போக்கு, எடைக் குறைவு என்று நாலு ஆஸ்பத்திரி ஏறியிருப்பார்கள். இந்த வயசில் இவருக்கு அது எப்படி இருக்கும் என்று எந்த டாக்டரும் அந்த ஒரு சோதனையை மட்டும் எழுதியிருக்க மாட்டார்.

ஆகவே இதை வாசிக்கிறவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். காரணம் தெரியாமல் எடை குறைந்தால், வாயில் வெள்ளை படர்ந்தால், காசநோய் என்று தெரியவந்தால், அல்லது ஒன்றுமே இல்லாமல் ஒரு சந்தேகம் மட்டும் இருந்தாலும், ஒருமுறை சோதித்துக்கொள்ளுங்கள். அரசு மையங்களில் பணம் வாங்குவதில்லை, வெறும் வயிற்றோடு போக வேண்டியதில்லை. உங்கள் பெயரை வெளியே சொல்லக் கூடாது என்று 2018 செப்டம்பர் 10 முதல் சட்டமே நடைமுறையில் இருக்கிறது. எங்கே போவது என்று தெரியாவிட்டால் 1097க்கு அழையுங்கள், அதற்கும் காசு கிடையாது.